ஆம்புலன்ஸ் அனுப்புகையும் வயர்லெஸ்ஸும்

அழைப்பு வந்த இடத்துக்கு ஆம்புலன்ஸை அனுப்பி, அது நோயாளியை மருத்துவமனையில் இறக்கும்வரை அதனோடு பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் பணி அனுப்புகை எனப்படும். உலகில் பல நாடுகள் இப்பணியை வயர்லெஸ்ஸை வைத்து வளர்த்தன. தமிழ்நாடு கைபேசியை வைத்து வளர்த்தது. இரண்டையும் எடைபோட விழுப்புரம் மாவட்டத்துக் கூட்டேரிப்பட்டு ஏற்ற இடம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. சாலையில், மயிலம் வழியாகப் புதுச்சேரிக்குப் போகும் சாலை பிரிகிற கூட்டு ரோடு அது. அங்கே ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் வடக்கே திண்டிவனம் அரசு மருத்துவமனை, தெற்கே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, எல்லை தாண்டிப் புதுச்சேரியில் மத்திய அரசின் ஜிப்மர் என்று மூன்று வழிகள் திறக்கின்றன. தலையில் அடியா, தொடை எலும்பு முறிவா, எங்கே படுக்கை இருக்கிறது என்பதைப் பொறுத்து வழி மாறும். வண்டியில் இருப்பவர்கள் தாமாக முடிவெடுக்கும் காரியம் அன்று அது. கேட்டுச் சொல்ல மறுமுனையில் ஒருவர் வேண்டும். அந்த மறுமுனையை எட்ட ஒரே வழி மட்டும் இருப்பது ஆபத்து என்பதையே இத்துறையின் வரலாறு முழுவதும் காட்டுகிறது.

1928 மே 17 அன்று ஆஸ்திரேலியாவின் குளோன்கரி என்ற சிற்றூரிலிருந்து, ஜான் ஃபிளின் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவையின் முதல் விமானம் கிளம்பியது. மருத்துவர் தயார், விமானமும் தயார். ஆனால் நூறு மைலுக்கு அப்பால் மாட்டுப் பண்ணையில் குதிரையிலிருந்து விழுந்தவரைப் பற்றி அவர்களுக்கு யார் சொல்வது? தந்திக் கம்பி எட்டாத வெளி அது, மின்சாரமும் கிடையாது. அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் டிரேகர் 1929இல் விடை கண்டார். மேசைக்கு அடியில் சைக்கிள் பெடல் பூட்டிய ஒரு சிறு மின்னாக்கி. காலால் மிதிக்க மிதிக்க மின்சாரம் பிறக்கும், கை மோர்ஸ் சாவியைத் தட்டும். தையல் மெஷின் மிதிக்கத் தெரிந்தவருக்கு இதில் கற்க வேண்டியது மோர்ஸ் மட்டுமே. அதுவும் தெரியாதவர்களுக்காக, எழுத்தை அழுத்தினால் தானாகப் புள்ளியும் கோடுமாக மாற்றி அனுப்பும் விசைப்பலகை ஒன்றையும் பின்னர் அவரே செய்து கொடுத்தார். மருத்துவ அனுப்புகையின் பிறப்பிடம் இந்தப் பெடல் வானொலிதான். விமானம் வந்த மறு ஆண்டு வானொலி வந்தது. அதற்குப் பிறகே சேவை சேவையாயிற்று.

நகரங்களில் காவல் துறை முந்திக்கொண்டது. 1928இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் காவல் வண்டிகளுக்கு வானொலி வந்தபோது அவற்றால் கேட்கத்தான் முடிந்தது. பதில் சொல்ல வேண்டுமானால் இறங்கித் தொலைபேசியைத் தேட வேண்டும். இருவழிப் பேச்சு 1933இல் நியூ ஜெர்சியின் பேயோன் நகரில் கைகூடியது. அழைப்பவருக்கான வழி திறந்த கதை இன்னும் வேதனையானது. 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் இறந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தொலைபேசி இணைப்பகத்தை அழைத்து, மற்ற அழைப்புகளோடு வரிசையில் காத்துக் கிடந்தார். அவர் செய்தித்தாளுக்கு எழுதிய கடிதம் விசாரணைக்கு வழிவகுக்க, 1937 ஜூன் 30 அன்று 999 என்ற அவசர அழைப்பு எண் லண்டனில் நடைமுறைக்கு வந்தது. அந்த எண்ணைச் சுழற்றினால் இணைப்பகத்தில் சிவப்பு விளக்கு எரியும், மணி ஒலிக்கும். அமெரிக்காவின் முதல் 911 அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமாவின் ஹேலிவில் ஊரிலிருந்து போயிற்று. இதற்கிடையே 1966இல் பெல்ஃபாஸ்டில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் மாரடைப்புக்காரர்களிடம் மருத்துவரையே வண்டியில் அனுப்பினார். 1960களின் பிற்பகுதியில் மயாமியில் யூஜீன் நேகல் வேறு வழியில் போனார்: நெஞ்சின் இ.சி.ஜி.யை வானொலியில் மருத்துவமனைக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் சொல்லைக் கேட்டு வண்டியில் இருக்கும் ஊழியரே சிகிச்சை தொடங்கும் முறையை நிலைநாட்டினார். மருத்துவர் வண்டியில் இல்லாமலே மருத்துவம் வண்டிக்குள் வந்தது அந்த அலைவரிசையால்தான்.

வானொலியில் சென்னை பின்தங்கிய ஊர் அல்ல. 1924 மே 16 அன்று சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் சென்னை மாகாண ரேடியோ கிளப் அமைந்து, ஜூலை 31 அன்று ஒலிபரப்பையும் தொடங்கிவிட்டது. இப்படிக் காது கொடுத்த ஊரில் ஆம்புலன்ஸுக்கு மட்டும் ஏன் வானொலி எட்டவில்லை? சட்டமே காரணம். உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருப்பதையே 1933ஆம் ஆண்டின் வயர்லெஸ் தந்திச் சட்டம் குற்றமாக்கியது. விளைவாக அலைவரிசை அரசின் பாதுகாப்புச் சொத்தாயிற்று. காவல், இராணுவம், வனம், ரயில்வே என்று சில துறைகளின் கைக்குள் நின்றது. இன்றும் நம் ஊரில் ‘மைக்கில் பேசினார்’ என்றால் மேடைப் பேச்சாளருக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருபவர் போலீஸ்காரர்தான். மருத்துவமனை ஆம்புலன்ஸ் என்பதோ, நோயாளியை ஏற்றி இறக்கும் வாகனமாக மட்டும் பல பத்தாண்டுகள் கழிந்தது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தையும் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நீக்கி 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அதற்குள் 108 ஆம்புலன்ஸ் சேவை தமிழ்நாட்டுக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

2005 ஆகஸ்ட் 15 அன்று ஐதராபாத்தில் தொடங்கிய 108 சேவை, 2008 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டுக்கு வந்தது. கூட்டேரிப்பட்டிலிருந்து அழைத்தால் மணி அடிப்பது சென்னைக் கட்டுப்பாட்டு மையத்தில். எடுப்பவர் மாவட்டம் கேட்பார், தாலுகா கேட்பார், ஊர் கேட்பார், பிறகு அடையாளம் கேட்பார். “கூட்டு ரோடு சார், மயிலம் ரோடு திரும்புற இடம், பாலத்துக்கு இந்தப் பக்கம்” என்ற பதிலில் ‘இந்தப் பக்கம்’ என்பது திண்டிவனம் பக்கமா விழுப்புரம் பக்கமா என்று கேட்டுப் பிரித்தெடுப்பதில்தான் அவருடைய திறமை இருக்கிறது. நான்கு வழிச் சாலையில் நடுத்தடுப்புக்கு மறுபுறம் போய் நின்ற வண்டி, திரும்ப இடம் தேடி ஓடிவர வேண்டும். அருகிலுள்ள வண்டியை ஜி.பி.எஸ். திரையில் கண்டதும் அழைத்தவரையும் வண்டியையும் ஒரே கைபேசி இணைப்பில் சேர்த்துவிடுவார்கள். பைலட் என்று அழைக்கப்படும் ஓட்டுநர் நேரடியாக வழி கேட்டுக்கொள்வார், இ.எம்.டி. எனப்படும் அவசர மருத்துவ உதவியாளர் நோயாளியின் நிலையைக் கேட்டுக்கொள்வார். தேவையானால் மையத்தில் உள்ள மருத்துவரும் பேச்சில் சேர்வார். பழைய வயர்லெஸ்ஸில் இது முடியாது. பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம், ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் மூடியிருக்க வேண்டும். சாலையோரம் பதறி நிற்பவரை அந்தப் பேச்சில் சேர்க்கவே வழியில்லை. ஆகவே 2008இல் கைபேசியைத் தேர்ந்தது சரியான முடிவு. வயர்லெஸ் வலையைக் கட்டிக்கொண்டிருந்தால் சேவை மாநிலம் முழுதும் பரவப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

அன்றாடத்துக்குச் சரியான அந்த முடிவு புயலுக்குப் போதாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்று பெய்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் மயிலத்தில் பதிவான மழை 51 செ.மீ. கூட்டேரிப்பட்டு அதற்குப் பக்கத்து ஊர். டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன. விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூரில் சாலையும் வெள்ளத்தில் மூழ்கியது. இத்தகைய நாளில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பது மணிக்கு மணி மாறும். ஆம்புலன்ஸுக்கு மறுமுனையின் குரல் மிகுதியாகத் தேவைப்படுவதும் அன்றுதான். கைபேசிக் கோபுரங்களில் பேட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, ஆனால் டீசல் கொண்டுவரும் லாரியும் அதே சாலையில்தான் வர வேண்டும். கோபுரம் இயங்கினாலும் அதைச் சென்னையோடு இணைக்கும் கண்ணாடியிழை வடம் அறுந்தால் பயனில்லை. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பின் டெல்டாவிலும் கைபேசி ஊமையானதை மக்கள் மறக்கவில்லை. 2004 ஆழிப்பேரலையின்போது போர்ட் பிளேரில் மற்ற வழிகள் அடைபட்டுக் கிடக்க, அங்கே போயிருந்த பாரதி பிரசாத் என்ற ஹாம் (அமெச்சூர்) வானொலியாளரின் குழுதான் வெளியுலகுக்குச் செய்தி சொன்னது.

செயற்கைக்கோள் தொலைபேசி போதாதா என்பது அடுத்த கேள்வி. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போதும். ஓடும் வண்டி ஒவ்வொன்றுக்கும் அதைக் கொடுப்பது செலவாலும் உரிமக் கட்டுப்பாட்டாலும் நடக்காத காரியம். செலவு என்று பார்த்தால் வி.எச்.எஃப். (மிக உயர் அதிர்வெண்) வயர்லெஸ்தான் எளிது. 30 மீட்டர் உயரக் கம்பத்தில் உள்ள ஆன்டெனாவும் வண்டிக் கூரையில் உள்ள ஆன்டெனாவும், மேடு குறுக்கிடாத சமவெளியில் ஏறத்தாழ 28 கி.மீ. வரை ஒன்றையொன்று நேராகப் பார்க்கும். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலான தொலைவே 40 கி.மீ.க்குள்தான். கூட்டேரிப்பட்டில் ஒரு கம்பம் நட்டால் இரண்டு ஊர்களும் முண்டியம்பாக்கமும் அதன் வீச்சுக்குள் வந்துவிடும். கம்பம்கூடப் புதிதாக வேண்டாம். காவல் நிலையங்களில் வயர்லெஸ் ஏற்கெனவே இருக்கிறது. காவல் அலைவரிசையில் மருத்துவம் கலந்தால் இரகசியம் கெடும் என்று காவல் துறை கருதுவது நியாயமே. அதற்குத் தனி அலைவரிசை ஒன்றை ஒதுக்கினால் போதும். அமெரிக்காவில் 1974இல் மருத்துவத்துக்கென்றே பத்து அலைவரிசைகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். நோயாளியின் பெயர் காற்றில் போகுமே என்பாரும் உண்டு. பெயரைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. வயது, காயம், நாடித்துடிப்பு, வந்து சேரும் நேரம் நான்கும் போதும்.

இந்த மாற்று வழி தேவைப்படும் சேவை சிறியதன்று. தமிழ்நாட்டில் இன்று 1,300க்கும் மேற்பட்ட 108 வண்டிகள் ஓடுகின்றன. பச்சிளங்குழந்தைகளுக்கான தனி வண்டிகளும், 2016 பிப்ரவரியில் வந்த பைக் ஆம்புலன்ஸ்களும் இவற்றோடு சேர்ந்தவை. சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்டது இதே நெடுஞ்சாலையில், திண்டிவனத்துக்கு வடக்கே உள்ள மேல்மருவத்தூரில்.