வழி சொல்லும் ஏடுகள்

ஓர் ஊருக்குப் புதிதாக வந்து இறங்குகிறவருக்கு முதலில் வேண்டுவது வழி. எங்கே தங்குவது, எதைக் காண்பது என்பனவெல்லாம் அதன்பின் வருபவை. இன்று பெருநகரங்களின் தங்கும் விடுதிகளிலும் விமான நிலையங்களிலும் இவற்றைச் சொல்லும் ஏடுகள் விலையின்றியே கிடைக்கின்றன. பளபளப்பான தாள், ஒரு நகரப் படம், கோயில், கடைவீதி, உணவுச்சாலை பற்றிய குறிப்புகள். வந்தவர் ஒன்றை எடுத்துக்கொள்கிறார். காசு கேட்பார் இல்லை. அதை அச்சிட்ட செலவு யாருடையது என்று கேட்பாரும் அநேகமாக இல்லை.

இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, வழி சொல்லும் மரபைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். திண்டுக்கல்லில் இருப்போர் இதற்காக நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. ஊரின் தென்கிழக்கே நிற்கும் சிறுமலையே இக்கதைக்கு ஒரு சாட்சி.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையை நினைவுகூர்வோம். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு உறையூரை விட்டு மதுரை நோக்கி நடக்கிறார்கள். அவ்வழியில் அவர்களைச் சந்திக்கிறான் மாங்காட்டு மறையோன். மதுரைக்கு வழி யாது என்று கோவலன் கேட்க, கொடும்பைக் குளக்கரையில் வழி சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்று அவன் சொல்லத் தொடங்குகிறான். வலப்பக்கத்து வழி வறண்ட நிலத்தைக் கடந்து, தினையும் வரகும் கரும்பும் மஞ்சளும் விளையும் புனங்களின் ஊடே சென்று, வாழையும் கமுகும் தென்னையும் மாவும் பலாவும் சூழ்ந்த சிறுமலையை அடையும். அம்மலையை வலமாகக் கொண்டு போனால் மதுரை. இன்று திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு இரயிலில் போகிறவருக்கு அம்மலை இடக்கைப் பக்கம் தெரியும். நத்தம் சாலையில் போகிறவருக்கே அது வலக்கைப் பக்கம் வரும். அன்று சொன்ன வாழை இன்றும் அம்மலையின் அடையாளமாக நிற்கிறது. சிறுமலை வாழைப்பழம் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது.

இடப்பக்கத்து வழி திருமால்குன்றம் வழியாகப் போவது. அங்கே ஒரு பிலம் உண்டு என்றும், அதனுள் மூன்று பொய்கைகள் உண்டு என்றும், அவற்றில் மூழ்கினால் பெறும் பயன்கள் இவையென்றும் மறையோன் விரித்துரைக்கிறான். கவுந்தியடிகளோ, நல்லொழுக்கத்தில் நிற்பவர்க்கு அப்பயன்கள் வேண்டுவதில்லை என்று மறுத்துவிடுகிறார். வழியைக் கேட்டுக்கொண்டார், புகழுரையைத் தள்ளிவிட்டார். வழிகாட்டியை எவ்வாறு கேட்க வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல பாடம் வேறில்லை.

இடைவழியைப் பற்றி மறையோன் சொன்னது ஒன்றுதான் மிக முக்கியமானது. அவ்வழியில் போவோரை மயக்கித் தடுக்கும் தெய்வம் ஒன்று உண்டு, அதற்குத் தப்பிப் போக வேண்டும் என்றான். அவர்கள் சென்றதும் அவ்வழியே. நீர் பருக ஒரு பொய்கைக்கரையை அடைந்த கோவலன் முன், மாதவியின் தோழி வசந்தமாலையின் உருவில் அத்தெய்வம் தோன்றியது. மறையோன் முன்னரே சொல்லியிருந்ததனால் அவன் ஐயுற்றான். மந்திரத்தை ஓதி உண்மையை அறிந்தான். அன்று அவனைக் காத்தது மறையோன் சொன்ன புகழுரையன்று. அவன் செய்த எச்சரிக்கை.

ஆற்றுப்படை நூல்களும் இவ்வகையினவே. பரிசில் பெற்றவன், பெறாதவனுக்குப் புரவலன் ஊருக்கு வழி சொல்கிறான். அப்பாட்டுக்கு ஆதரவு புரவலனுடையது. ஆகவே புகழ்ச்சி மிகுதி. ஆயினும் நன்னனைப் பாடிய மலைபடுகடாம், வழியிலுள்ள பொறிகளையும், பாம்பு இருக்கும் இடங்களையும், வழுக்கும் நிலத்தையும், காவலர் எறியும் கவண்கற்களையும் மறைக்காமல் சொல்கிறது. ஆதரவு பெற்ற பாட்டிலும் நடப்பவன் கால் மறக்கப்படவில்லை.

அச்சு வந்தபின் இம்முறை வாணிபமாயிற்று. இலண்டனில் ஜான் மரே என்னும் பதிப்பாளர் வெளியிட்ட கையேடுகள் புகழ்பெற்றவை. சென்னை மாகாணத்துக்கான கையேடு 1859இல் வந்தது. அக்கையேடுகளின் கடைசிப் பக்கங்களில் 1843 முதலே விளம்பரங்கள் சேர்ந்தன. ஜெர்மனியின் பெடேக்கர் நிறுவனமோ விளம்பரம் எதையும் ஏற்பதில்லை என்ற கொள்கையை மேற்கொண்டது. இரண்டுமே விலைக்கு விற்ற நூல்கள். விளம்பரம் பெருகப் பெருக நூலின் விலையைக் குறைக்க முடியும். செலவு முழுவதையும் விளம்பரமே தாங்குமாயின் விலையே வேண்டாம். இன்றைய இலவச ஏட்டின் பிறப்பு இதுதான். அங்கே படிப்பவர் விருந்தினர், வீட்டுக்காரர் விளம்பரதாரர்.

அதனால் வரும் குறை யாது? பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. விடுபட்டுப்போவதே குறை. விளம்பரம் கொடுக்க இயலாத இடத்துக்கு ஏட்டில் இடமில்லை. திண்டுக்கல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு இருப்புப்பாதை வந்தது முதல், இவ்வூர் பலருக்குக் கடந்துபோகும் ஊராகவே இருந்து வருகிறது. மதுரைக்கும் பழனிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் இங்கே வண்டி மாறுவார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைச் சிறு பட்டறைகளில் கையால் செய்கிறவர்களும், சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்குப் பெயர் தந்தவர்களும் வண்ண விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கக்கூடியவர்கள் அல்லர். பெரிய விடுதியும் பெரிய கடையும் பேசும் பக்கத்தில் மாங்காய்ப் பூட்டு பேசுவதில்லை.

அடுத்த குறை, எச்சரிக்கை இல்லாமை. 1605இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கியதாகச் சொல்லப்படும் மலைக்கோட்டையை ஓர் ஏடு அழகாகப் படம்பிடித்துக் காட்டலாம். 1755இல் ஐதர் அலி இங்கே படையதிகாரியாக வந்ததையும், 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இச்சீமை ஆங்கிலேயர் கைக்குப் போனதையும் எழுதலாம். ஆனால் மொட்டைப் பாறை நண்பகலில் காலைச் சுடும், காலையிலேயே ஏறி இறங்குங்கள் என்று சொன்னால்தான் அது வழிகாட்டி. சிறுமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டையூசி வளைவுகள் உண்டு என்று சொல்ல வேண்டும். கொடைக்கானல் போவோர் முன்கூட்டியே இ-பாஸ் பெற வேண்டும் என்ற முறை 2024 மே 7இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அச்சான ஏட்டை நம்பிப் புறப்பட்டவருக்கு அந்த ஏடு என்ன துணை செய்திருக்கும்?

இலவச ஏடுகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊர் அறியாதவருக்கு ஒரு நகரப் படம் கிடைப்பதும் நன்மையே. அரசின் சுற்றுலா அலுவலகங்கள் தரும் மடிப்பேடுகளிலும் பயனுண்டு. ஆயினும் எந்த ஏட்டைக் கையில் எடுத்தாலும் கவுந்தியடிகளைப்போல் கேட்டுக்கொள்வோம். புகழ் எது, வழி எது என்று பிரித்தறிவோம். இனித் திண்டுக்கல்லைப் பற்றி ஏடு எழுதப்போகிறவர் எவராயினும், மாங்காட்டு மறையோனை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும். அவன் யாரிடமும் பொருள் பெறவில்லை. அவன் சொன்ன மூன்று வழிகளில் ஒன்றில் நம் சிறுமலை இருக்கிறது. இன்னொன்றில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. நல்ல வழிகாட்டிக்கு இரண்டும் வேண்டும்.