பழைய ஹொண்டா கப்: வாங்குவதும் ஓட்டுவதும் திருத்துவதும்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களிடம் ‘ஹொண்டா ஐம்பது’ அல்லது ‘சீ தொண்ணூறு’ என்று சொன்னால் உடனே யாரோ ஒருவர் நினைவுக்கு வருவார். பள்ளிக்கூடம் போகும் வாத்தியாராகவோ, முன்னால் பிள்ளையும் பின்னால் அம்மாவுமாகக் கோயிலுக்குப் போகும் அப்பாவாகவோ அவர் இருக்கலாம். இடப்பெயர்வின்போது பல குடும்பங்கள் அந்த மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டோ விற்றுவிட்டோ வந்தன. இன்று அதே இயந்திரம் ஐரோப்பியப் பழைய வாகனச் சந்தைகளில் கிடைக்கிறது. ஓய்வுபெற்ற அப்பாவுக்காக ஒன்றை வாங்கித் திருத்த விரும்பும் பிள்ளைகள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

எப்படிப் பிறந்தது?

1956இல் ஐரோப்பாவுக்குப் பயணம் செய்த சொய்ச்சிரோ ஹொண்டாவும் அவரது பங்காளி தக்கேயோ ஃபுஜிசாவாவும் அங்கு ஓடிய சிறிய மொப்பெட்டுகளைக் கவனித்தனர். யப்பானின் மோசமான வீதிகளுக்கும் சிறு கடைக்காரருக்கும் ஏற்ற வாகனம் ஒன்று தேவை என்பது அவர்களின் எண்ணம். உணவுத் தட்டை ஒரு கையில் ஏந்தும் பையன் மற்றக் கையால் ஓட்டக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்றும் விரும்பினர். 1958 ஓகஸ்ட் மாதம் சுப்பர் கப் சீ 100 வெளிவந்தது. அதில் 49 சீசீ நான்கு அடிப்பு எஞ்சின், மூன்று கியர், கைப்பிடி தேவையற்ற கிளச், கால்களைச் சேற்றிலிருந்து காக்கும் பிளாஸ்ரிக் மறைப்பு ஆகியன இருந்தன. 2017இல் இந்த வரிசையின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. உலகில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட மோட்டார் வாகனம் இதுவே.

மண்ணெண்ணெய்க் காலம்

1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காதபோது எம்மவர் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் சூடான பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அதற்கும் ஒரு விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலை நீர்க்கச் செய்தது, பிளக்கில் கரி படிந்தது. அடிக்கடி பிளக்கைக் கழற்றித் துடைத்தும், ஒயிலை மணந்து பார்த்தும் பழகியவர்கள் அந்தத் தலைமுறையினர். அவர்களின் கைப்பழக்கம் இன்றும் உங்கள் கராஜில் உதவும்.

வாங்கும்போது

முதலில் ஆவணத்தைப் பாருங்கள். சட்டகத்தில் பொறிக்கப்பட்ட இலக்கமும் பதிவுப் பத்திரத்தில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்திரம் இல்லாத மலிவான வண்டி பின்னர் பெரும் தலையிடியாகும்.

அடுத்தது துரு. கப்பின் சட்டகம் அழுத்திச் செய்யப்பட்ட தகரம். பின்சில்லின் மேற்புறத்திலும், பற்றரி இருக்கும் பகுதியிலும், பின்சில்லைத் தாங்கும் கவர் பொருந்தும் இடத்திலும் ஈரமும் சேறும் தேங்கும். வண்ணம் புதிதாகத் தெரிந்தாலும் அடியில் விரலால் அழுத்திப் பாருங்கள். எஞ்சினைத் திருத்துவது இலகு, உக்கிய சட்டகத்தைத் திருத்துவது கடினம்.

எஞ்சின் மாற்றப்பட்டுள்ளதா என்பதும் முக்கியம். கப்பை ஒத்த சீன எஞ்சின்கள் பெரிய மாற்றமில்லாமல் பொருந்தும். 110, 125 சீசீ எஞ்சின்கள் ஆசையைத் தூண்டும். ஆனால் அவற்றைப் பொருத்தினால் ஓட்டுநர் உரிமத்தின் வகை, காப்புறுதி, பதிவு எல்லாம் மாறக்கூடும். பழைய எஞ்சினைத் தூக்கி எறியாதீர்கள்.

திருத்தும் ஒழுங்கு

ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியை உடனே உதைத்து ஓட விட வேண்டாம். இருக்கைக்குக் கீழுள்ள தாங்கியின் பழைய பெற்றோலை வெளியேற்றுங்கள். காபரேற்றரைக் கழற்றி அதன் நுண்துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். பின்னர் பிளக்கில் பொறி வருகிறதா என்று பாருங்கள். பொயின்ற் உள்ள பழைய எஞ்சின்களில் அதன் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டும். வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.05 மில்லிமீற்றர்.

ஒயில் ஏறத்தாழ 0.8 லீற்றர் மட்டுமே. கிளச்சும் அதே ஒயிலிலேயே நனைகிறது. ஆகவே உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கொண்ட கார் ஒயிலை ஊற்றினால் கிளச் வழுக்கும். மோட்டார் சைக்கிளுக்குரிய ஒயிலையே வாங்குங்கள். ஒயில் சிறிதளவே இருப்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும். ஒயில் வடிக்கும் ஆணியை அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினியப் புரி போய்விடும்.

பழைய பிறேக் கட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பிள்ளைகள் அருகில் நிற்கும்போது இது இன்னும் முக்கியம்.

இன்றைய பெற்றோலும் கவனத்துக்குரியது. பிரித்தானியாவில் 2021 முதல் சாதாரண பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல் கலக்கிறது. அது பழைய றப்பர் குழாய்களையும் வளையங்களையும் கெடுக்கலாம். 5 வீதம் வரையுள்ள உயர்தரப் பெற்றோலே பாதுகாப்பானது. குளிர்காலத்தில் நிறுத்தி வைக்கும்போது காபரேற்றரை வெறுமையாக்கி வையுங்கள்.

ஓட்டும்போது

பழைய கப்பில் முன் பிறேக் பிடித்தால் முன்பக்கம் தாழாது, சற்று மேலே எழும். முதல் தடவை ஓட்டும் பிள்ளைக்கு இதை முன்பே சொல்லுங்கள். 6 வோல்ற் விளக்கு மங்கலாகவே எரியும், இரவுப் பயணத்தைத் தவிருங்கள். வேகப்பாதைகள் இதற்குரிய இடமல்ல. ஊரில் தலைக்கவசமில்லாமல் ஓடியவர்கள் இங்கே அப்படி ஓட முடியாது.

சட்டம்

பிரித்தானியாவில் 40 வயதைத் தாண்டிய, பெருமாற்றம் செய்யப்படாத வாகனத்துக்கு வீதி வரியும் ஆண்டுப் பரிசோதனையும் விலக்கப்படலாம். வரி விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும், காப்புறுதியும் கட்டாயம். ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் 30 வயதான வாகனம், மூலத்தோற்றம் காக்கப்பட்டிருந்தால், பழைமை வாகனமாகப் பதியப்படலாம். ஆகவே மூல உதிரிப்பாகங்களைக் காப்பது ரசனையோடு சட்டமும் சார்ந்த விடயம்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒவ்வொரு பாகத்தையும் கழற்ற முன்னர் படம் எடுங்கள். ஆணிகளைத் தனித்தனிப் பைகளில் இட்டு, பெயர் எழுதுங்கள். அந்தப் பெயர்களை அப்பாவிடமோ மாமாவிடமோ கேட்டுத் தமிழில் எழுதுவது நல்லது. ஊர் கராஜ்களில் புழங்கிய சொற்கள் பல எந்த அகராதியிலும் இல்லை, அவற்றைச் சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. ஊரில் தாம் விட்டு வந்த வண்டியைப் பற்றி வாய் திறக்காத அப்பாக்களும் காபரேற்றரைக் கையில் கொடுத்தால் பேசத் தொடங்கலாம். வேலை முடிந்ததும் முதல் உதையை அவரிடமே விட்டுவிடுங்கள். முழங்கால் நோவென்றால் அவர் பக்கத்தில் நின்று எப்படி உதைப்பதென்று சொல்லட்டும்.