டேவிஸ் நகரின் மிதிவண்டி வரலாறு: ஒரு பல்கலைக்கழக ஊரின் ஆக்கமும் தேய்வும்

முன்னுரை

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் ஆட்சியையும் கட்டடங்களையும் வணிகத்தையுமே முதன்மைப்படுத்துகின்றனர். அவ்வூர் மக்கள் காலையில் எவ்வாறு வேலைக்குச் சென்றனர், மாணவர்கள் எவ்வாறு வகுப்பை அடைந்தனர் என்பன போன்ற செய்திகள் அன்றாட வழக்கம் என்னும் காரணத்தினாலேயே பதிவு பெறாமல் போகின்றன. ஆயினும், ஒரு சமூகத்தின் மதிப்பீடுகள் அதன் அன்றாட வழக்கங்களில்தான் தெளிவாகப் புலப்படும். அவ்வகையில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள டேவிஸ் என்னும் பல்கலைக்கழக ஊரின் மிதிவண்டி வழக்கத்தை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கின்றது.

டேவிஸ் மிதிவண்டி நகரமானதற்கு மூன்று காரணங்களைப் பொதுவாகக் கூறுவர்: நிலம் சமமானது, கோடையில் மழை இல்லை, மாணவர் தொகை மிகுதி. இம்மூன்றும் உண்மையே. ஆனால், வடக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள வுட்லண்டும் கிழக்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாநிலத் தலைநகர் சேக்ரமெண்டோவும் அதே சமவெளியில், அதே வானிலையில் அமைந்தவையே. சேக்ரமெண்டோவில் பல்கலைக்கழகமும் உண்டு. அவ்விரு நகரங்களிலும் மகிழுந்தே ஆட்சி செலுத்தியது. எனவே, இயற்கை வாய்ப்பளித்ததே அன்றி வழக்கத்தை உருவாக்கவில்லை என்பது தெளிவு. வழக்கத்தை உருவாக்கியவர்கள் யாவர், அது பின்னர் ஏன் தேய்ந்தது என்னும் இரு வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

பண்ணையிலிருந்து பல்கலைக்கழகம்

1868ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வந்ததையொட்டித் தோன்றிய இவ்வூர், தொடக்கத்தில் டேவிஸ்வில் என்று அழைக்கப்பட்டது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்கு ஒரு வேளாண் பண்ணை அமைப்பதற்கான சட்டம் 1905ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அப்பண்ணை இங்கு அமைந்தது. 1917ஆம் ஆண்டில் டேவிஸ் நகராட்சித் தகுதி பெற்றது. அடுத்த நாற்பது ஆண்டுகள், பழத்தோட்டங்களும் வயல்களும் சூழ்ந்த சிற்றூராகவே அது விளங்கியது.

1959ஆம் ஆண்டு இவ்வூரின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. வேளாண் கல்விக்குரியதாக இருந்த வளாகம் அவ்வாண்டில் அனைத்துத் துறைகளுக்கும் உரிய பொதுப் பல்கலைக்கழக வளாகமாக உயர்த்தப்பட்டது. 1960ஆம் ஆண்டில் 9,000க்குச் சற்றுக் குறைவாக இருந்த நகர மக்கள்தொகை, 1970ஆம் ஆண்டில் 23,000ஐக் கடந்தது. இவ்வளர்ச்சியை எவ்வாறு தாங்குவது என்னும் சிக்கல் பல்கலைக்கழகத்திற்கும் நகரத்திற்கும் ஒருசேர எழுந்தது.

உணவு அறிவியல் அறிஞரான எமில் மிராக் 1959 முதல் 1969 வரை வளாகத் தலைவராகப் பொறுப்பு வகித்தார். புதிய வளாகத்தை மரங்கள் நிறைந்ததாகவும் மிதிவண்டியில் செல்வதற்கு ஏற்றதாகவும் திட்டமிடுமாறு அவர் கட்டட வரைஞர்களைக் கேட்டுக்கொண்டார். புதிதாகச் சேரும் மாணவர்கள் மிதிவண்டியுடன் வருமாறும் ஊக்குவிக்கப்பட்டனர். 1960களின் பிற்பகுதியில் வளாகத்தின் நடுப்பகுதிக்குள் மகிழுந்துகள் நுழைவது தடுக்கப்பட்டது. வகுப்பறைக்கும் வகுப்பறைக்கும் இடையே மாணவர்கள் அச்சமின்றி மிதித்துச் செல்ல இயன்றமைக்கு இம்முடிவே அடிப்படை எனலாம்.

கோரிக்கையும் தேர்தலும்

வளாகத்திற்குள் இருந்த பாதுகாப்பு வளாக வாயிலுக்கு வெளியே இல்லை. நகரத் தெருக்களில் மகிழுந்துகளும் மிதிவண்டிகளும் ஒன்றையொன்று நெருக்கின. இந்நிலையில், பொருளியல் பேராசிரியர் பிராங்க் சைல்ட், தம் மனைவி ஈவ் சைல்டுடனும் பிள்ளைகளுடனும் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் சில காலம் தங்கி, 1963ஆம் ஆண்டில் டேவிஸ் திரும்பினார். மிதிவண்டிக்கென்று தனிப்பாதை அமைந்த நகரில் வாழ்ந்த பட்டறிவு அவர்களைச் சிந்திக்கத் தூண்டியது. உள்ளூர் நாளிதழுக்கு மடல்கள் எழுதினர். ஒத்த கருத்துடையோரைத் திரட்டி ஓர் ஆய்வுக் குழு அமைத்தனர். டேல் லாட், டோனா லாட் இணையரும் இம்முயற்சியில் பங்குபெற்றனர்.

நகர மன்றம் தொடக்கத்தில் இக்கோரிக்கையை ஏற்கவில்லை. ஆர்வலர்கள் தெருத்தெருவாகச் சென்று கையொப்பம் திரட்டினர். இறுதியில் 1966ஆம் ஆண்டு நகர மன்றத் தேர்தலில் மிதிவண்டித் தடமே பேசுபொருளாயிற்று. தடத்திற்கு ஆதரவளித்த வேட்பாளர்கள் வெற்றி பெற்றனர். ஒரு சிறு நகரத்தின் தேர்தலை மிதிவண்டி முடிவு செய்தது என்பது அமெரிக்க நகர வரலாற்றில் அரிய நிகழ்வாகும்.

தேர்தலோடு தடைகள் நீங்கிவிடவில்லை. பொதுத்தெருவின் ஒரு பகுதியை மிதிவண்டிக்கென ஒதுக்குவதற்கு மாநிலச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. சட்டத் திருத்தம் வேண்டப்பட்டது. அன்றைய ஆளுநர் ரொனால்ட் ரீகன் 1967ஆம் ஆண்டில் அதற்கு ஒப்புதல் அளித்தார். அவ்வாண்டிலேயே டேவிஸ் தெருக்களில் தடங்கள் வரையப்பட்டன. இக்கால அமெரிக்காவின் முதல் மிதிவண்டித் தடங்களாக இவை கருதப்படுகின்றன.

தெருவே ஆய்வுக்கூடம்

பின்பற்றுவதற்கு முன்மாதிரி எதுவும் நாட்டில் இல்லாததால், நகரம் தன் தெருக்களையே ஆய்வுக்கூடமாக்கியது. மூன்று வகைத் தடங்கள் சோதிக்கப்பட்டன. முதல் வகையில், ஓடும் மகிழுந்துகளுக்கும் ஓரத்தில் நிறுத்தப்பட்ட மகிழுந்துகளுக்கும் இடையே தடம் அமைந்தது. இரண்டாம் வகையில், நிறுத்தப்பட்ட மகிழுந்துகளுக்கும் நடைபாதைக்கும் இடையே தடம் அமைந்தது. மூன்றாம் வகை தெருவிலிருந்து முற்றிலும் விலகிய தனிப்பாதையாகும்.

உளவியல் பேராசிரியர் இராபர்ட் சாமரும் விலங்கு நடத்தை ஆய்வாளரான டேல் லாட்டும் இத்தடங்களில் மக்கள் எவ்வாறு செல்கின்றனர் என்பதை நேரில் நோக்கி ஆராய்ந்தனர். இரண்டாம் வகைத் தடம் பார்வைக்குப் பாதுகாப்பானதாகத் தோன்றினும், சந்திகளிலும் வீட்டு வாயில்களிலும் திரும்பும் ஓட்டுநரின் கண்ணுக்கு மிதிவண்டி புலப்படாமல் போகும் குறை அதில் வெளிப்பட்டது. ஆகவே, அது கைவிடப்பட்டு, முதல் வகையே நகரத் தெருக்களுக்குரிய பொதுமுறையாக ஏற்கப்பட்டது.

இம்முடிவை இன்று மறுவாசிப்பு செய்வது பயனுடையது. அன்று டேவிஸ் கைவிட்ட அமைப்பையே, சந்திகளுக்குத் தனி விளக்குகள் முதலிய திருத்தங்களுடன், நியூயார்க் நகரம் 2007ஆம் ஆண்டில் ஒன்பதாம் நிழற்சாலையில் மேற்கொண்டது. டேவிஸ் நகரமும் 2015ஆம் ஆண்டில், நெதர்லாந்து முறையைத் தழுவி, கோவெல் சாலையும் ஜே தெருவும் கூடுமிடத்தில் பாதுகாக்கப்பட்ட சந்தியொன்றை அமைத்தது. குறை தடத்தில் அன்று, சந்தியின் அமைப்பில்தான் இருந்தது என்பதை உணர ஏறத்தாழ அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. எனினும், கண்டறிந்த குறையை மறைக்காமல் ஒப்புக்கொண்டு மாற்றிய அந்நாளைய ஆய்வு மனப்பான்மை பாராட்டுக்குரியது.

அன்றாடப் பயணமும் பொழுதுபோக்கும்

1970களில் மிதிவண்டி டேவிஸ் வாழ்க்கையின் இயல்பான கூறாகிவிட்டது. புதிய குடியிருப்புகளைத் திட்டமிடும்போதே பசுமைவழிகளும் மிதிவண்டிப் பாதைகளும் சேர்த்து வரையப்பட்டன. அப்பத்தாண்டில் கட்டத் தொடங்கப்பெற்ற வில்லேஜ் ஹோம்ஸ் என்னும் குடியிருப்பில் தெருக்கள் குறுகலாகவும் வீடுகளின் மறுபுறம் பாதைகளும் தோட்டங்களுமாக அமைந்தன. ஒரு சிறுவன் பெருஞ்சாலையைக் கடக்காமல் பூங்காவை அடையலாம் என்பது அன்றைய திட்டமிடலின் இலக்குகளுள் ஒன்று.

வளாகத்தில் வகுப்பு மாறும் நேரத்தில் ஆயிரக்கணக்கான மிதிவண்டிகள் ஒரே வேளையில் கிளம்பும். நிறுத்தக் குறியீடுகளால் இக்கூட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாத நிலையில், மிதிவண்டிகளுக்கென்றே வட்டச் சந்திகள் அமைக்கப்பட்டன. வட்டத்திற்குள் ஏற்கெனவே சுற்றுபவருக்கு நுழைபவர் வழிவிட வேண்டும் என்பது விதி. இலையுதிர்காலப் பருவத்தின் முதல் வாரத்தில் புதுமுக மாணவர்கள் இவ்வட்டங்களில் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுவதும், மூத்த மாணவர்கள் புல்வெளியில் அமர்ந்து அதைக் காண்பதும் வழிவழி வரும் வேடிக்கையாகும். மாணவர் அமைப்பே நடத்தும் பழுதுபார்ப்பு நிலையம், உரிமை கோரப்படாத வண்டிகளின் ஏலம் ஆகியவற்றையும் சேர்த்து நோக்கும்போது, மிதிவண்டியைச் சுற்றி ஒரு முழுமையான வளாகப் பண்பாடே உருவாகியிருந்தமை விளங்கும்.

அன்றாடப் பயணத்தின் மறுபக்கம் பொழுதுபோக்குப் பயணம். நகரப் பசுமைவழிகளை இணைத்துச் செல்லும் ஏறத்தாழ 19 கிலோமீட்டர் சுற்றுப்பாதை குடும்பங்களுக்கு உகந்தது. நெடுந்தொலைவு செல்வோர், மேற்கே பியூட்டா சிற்றாற்றை ஒட்டிய நாட்டுப்புறச் சாலைகளில் வின்டர்ஸ் என்னும் சிற்றூர்வரை செல்வர். பிப்ரவரியில் அப்பகுதியின் வாதுமைத் தோட்டங்கள் பூத்திருக்கும். கோடையில் தக்காளி ஏற்றிய பாரவண்டிகள் அச்சாலைகளில் விரையும். கோடை மாலைகளில் கழிமுகப் பகுதியிலிருந்து வீசும் தென்மேற்குக் காற்று வெப்பத்தைத் தணிக்கும். அதே காற்று எதிர்த்து மிதிப்போரின் தசைகளையும் சோதிக்கும். 1970ஆம் ஆண்டில் தொடங்கிய, ஒரே நாளில் 200 மைல், அதாவது 320 கிலோமீட்டருக்கும் மேல் செல்லும் நெடும்பயணம் நாட்டின் பல பகுதிகளிலிருந்து ஆர்வலர்களை ஈர்த்தது. இவ்விரு வகைப் பயணங்களும் தனித்தனியானவை அல்ல. நாள்தோறும் வகுப்புக்கு மிதித்துச் சென்றவரே விடுமுறை நாளில் வின்டர்ஸ் சாலையில் நெடுந்தொலைவு சென்றார்.

தேய்வும் அதன் காரணங்களும்

1980ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, டேவிஸில் வேலைக்குச் செல்வோருள் நான்கில் ஒருவருக்கு மேற்பட்டோர் மிதிவண்டியைப் பயன்படுத்தினர். 2000ஆம் ஆண்டில் இவ்வளவு ஏறத்தாழ 14 விழுக்காடாகக் குறைந்தது. ஏறத்தாழ ஒரு விழுக்காட்டையும் எட்டாத நாட்டுச் சராசரியோடு ஒப்பிட இதுவும் மிக உயர்ந்ததே. ஆயினும், இருபதே ஆண்டுகளில் பாதியாகக் குறைந்தமை கவலைக்குரியது. இக்கணக்கெடுப்பு வேலைப் பயணத்தை மட்டுமே குறிக்கும், மாணவர்களின் வகுப்புப் பயணத்தைக் குறிக்காது என்பதையும் நாம் கருத்திற் கொள்ள வேண்டும்.

இத்தேய்வுக்குப் பல காரணங்கள் உண்டு. நகரம் விரிந்ததால் தொலைவு கூடியது. சேக்ரமெண்டோவில் பணிபுரிவோர் டேவிஸில் குடியேறினர். யோலோ வெள்ளச் சமவெளியின் மீது செல்லும் நீண்ட பாலத்தில் மிதிவண்டிப் பாதை இருந்தும், நாள்தோறும் அதனைக் கடப்போர் சிலரே. 1968ஆம் ஆண்டில் இலண்டன் ஈரடுக்குப் பேருந்துகள் இரண்டைக் கொண்டு மாணவர்கள் தொடங்கிய பேருந்துச் சேவை பின்னர் விரிவடைந்து, மிதிவண்டியில் சென்றோர் சிலரையும் தன்பால் ஈர்த்தது. பெற்றோர் தம் பிள்ளைகளை மகிழுந்தில் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் வழக்கமும் பெருகியது.

இவற்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு என்பது நம் கருத்து. தடங்களுக்காகப் போராடிய தலைமுறை வெற்றி பெற்ற பின், பணி முடிந்தது என்னும் எண்ணம் பரவியது. அடுத்த தலைமுறை தடங்களை மரபுரிமையாகப் பெற்றது. அவற்றின் பின்னணியிலிருந்த வாதங்களைப் பெறவில்லை. வண்ணக்கோடுகள் தெருவில் நிலைத்தன. அவற்றை வரையச் செய்த மக்கள் முயற்சி தளர்ந்தது.

இவ்வீழ்ச்சியை ஆய்வாளர்கள் எண்களுடன் எடுத்துக்காட்டிய பின்னரே மீட்சி முயற்சிகள் மீண்டும் வலுப்பெற்றன. 2005ஆம் ஆண்டில் அமெரிக்க மிதிவண்டியாளர் கழகத்தின் உயர்ந்த பிளாட்டினத் தகுதியைப் பெற்ற முதல் நகரம் டேவிஸ் ஆகும். 2010ஆம் ஆண்டில் அமெரிக்க மிதிவண்டிப் புகழ்க்கூடம் அங்கு இடம்பெயர்ந்தது. விருதும் புகழ்க்கூடமும் ஒருவரை மிதிவண்டியில் ஏற்றிவிடுவதில்லை என்பது உண்மை. ஆயினும், 2010க்குப் பிந்தைய பல மதிப்பீடுகளில் வேலைக்கு மிதிவண்டியில் செல்வோர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் என்னும் நிலைக்கு உயர்ந்தமை, இழந்த வழக்கத்தின் ஒரு பகுதியையேனும் மீட்க இயலும் என்பதைக் காட்டியது.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, டேவிஸின் மிதிவண்டி வழக்கம் நிலத்தின் கொடையன்று. வளாகத் திட்டமிடல், மக்கள் கோரிக்கை, தேர்தல், சட்டத் திருத்தம், ஆய்வு ஆகிய ஐந்தும் அடுத்தடுத்து இணைந்ததன் விளைவு. இரண்டாவது, ஆசிரியர்கள் இதில் ஆற்றிய பங்கு பெரிது. பொருளியல் பேராசிரியர் ஒருவர் மடல் எழுதினார். உளவியல் பேராசிரியர் ஒருவர் தெருவோரத்தில் நின்று நோக்கினார். தம் துறைக்குப் புறம்பானது என்று அவர்கள் ஒதுங்கவில்லை. மூன்றாவது, பல ஆண்டு முயற்சியால் உருவான வழக்கமும் ஒரே தலைமுறையில் தேயக்கூடும்.

இம்மூன்றாவது முடிவு ஆசிரியர்களாகிய நம்மைச் சிறப்பாகச் சிந்திக்கத் தூண்டுவது. மொழியாயினும் வாசிப்பாயினும் மிதிவண்டியாயினும், ஒரு வழக்கத்தை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கும்போது அதன் வடிவத்தை மட்டும் கையளித்தால் போதாது. அது ஏன் தேவைப்பட்டது, அதற்காக யார் எதனோடு போராடினர் என்பதையும் சேர்த்தே கையளிக்க வேண்டும். டேவிஸ் தெருக்களில் 1967ஆம் ஆண்டில் வரையப்பட்ட கோடுகள் பலமுறை மீண்டும் வண்ணம் தீட்டப்பட்டிருக்கும். அவற்றின் வரலாறும் அவ்வாறே மீண்டும் மீண்டும் சொல்லப்படுதல் வேண்டும்.