பாலைன்னா மணல் மட்டும் இல்லீங்க

போன்ல ஒரு கீபோர்டு ஆப் திறங்க. வெள்ளைக் கட்டை மட்டும். 'ஜி'யில் தொடங்கி அடுத்த 'ஜி' வரை வாசிங்க. இன்றைய அரிகாம்போதி இது, பழந்தமிழில் செம்பாலை.

இங்கே 'பாலை'ன்னா ஏழு சுரம் நிற்கும் வரிசை, அதாவது ஸ்கேல்.

இப்போ தொடங்கும் இடத்தை மட்டும் மாத்துங்க. 'ஏ'யில் நடபைரவி, 'சி'யில் சங்கராபரணம், 'டி'யில் கரகரப்பிரியா, 'இ'யில் தோடி, 'எஃப்'பில் கல்யாணி. ஒரு கட்டைகூட மாறல, கேட்கிற மனசு மாறிடுது! இதுக்குப் பேர் பண்ணுப்பெயர்த்தல். ('பி' மட்டும் தகராறு, அங்கே பஞ்சமம் கிடைக்காது.)

சிலப்பதிகாரத்தில் கிடந்த இந்தக் கணக்கைத் தோண்டியவர்களில் ஒருத்தர் நம்ம தொழில்காரர். தஞ்சாவூர் சித்த வைத்தியர் ஆபிரகாம் பண்டிதர். மருந்து விற்ற காசில் 1912இல் இசைச் சங்கம் தொடங்கி மாநாடுகள் நடத்தினார். 1916இல் மகள்களையும் அழைச்சுக்கிட்டு பரோடா மாநாட்டுக்குப் போய், சுருதி 22 என்றவர்களிடம் 24 என்று வாதாடினார்.

அந்த 24இல் எனக்கே முழுச் சம்மதம் கிடையாது. ஆனா ராகத்தின் வேரை இளங்கோவிடம் தேடணும்னு அன்னைக்கே சபையில் சொல்ல நெஞ்சுரம் வேணும். 1917இல் ஆயிரம் பக்கம் தாண்டி 'கருணாமிர்த சாகரம்' அச்சேறியது. ரெண்டே வருஷத்தில், 1919இல், அவர் இல்லை.