வேட்டைக் கொம்பு பெண்கள் கைக்கு வந்த கதை

பிரான்ஸைப் பதினான்காம் லூயி ஆண்ட காலம். 1680களின் தொடக்கத்தில் பொஹீமியாவின் இளம் பிரபு ஃபிரான்ஸ் அன்டன் ஷ்போர்க், ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிப் பாரிஸ் வந்து சேர்ந்தார். அங்கே வேட்டைக்காரர்கள் குதிரைமேல் இருந்தபடியே ஊதிய பித்தளைக் கொம்பின் ஓசை அவரைச் சொக்க வைத்தது. தன் பணியாட்கள் இருவரை அதைக் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தார். அவர்கள் ஊர் திரும்பிய பிறகு பொஹீமியாவிலும் ஜெர்மன் பேசும் நாடுகளிலும் ஹார்ன் வேரூன்றியது என்பது இசை வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. குதிரை, வேட்டை நாய், துப்பாக்கி, பிரபு, பணியாள் எல்லாம் இருந்த அந்த உலகத்தில் ஹார்னைக் கையில் எடுக்கப் பெண்ணுக்கு வழியே இல்லை.

பிரெஞ்சு ஹார்ன் என்று இன்று அழைக்கப்படும் வாத்தியத்தின் குழாயை நீட்டிவிட்டால் ஏறக்குறைய 12 அடி வரும். சவாரி செய்பவர் தோளில் மாட்டிக்கொள்ள வசதியாக அதை வட்டமாகச் சுருட்டினார்கள். துளை கிடையாது, விசை கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் குழாய் இயல்பாகத் தரும் சில சுரங்களை மட்டுமே எழுப்ப முடியும். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் டிரெஸ்டன் நகரத்து அன்டன் ஹாம்பெல், ஹார்னின் விரிந்த வாய்க்குள் வலது கையை நுழைத்து, இடையில் விடுபட்ட சுரங்களையும் பிடிக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். சுரங்களை விரலால் மாற்ற உதவும் வால்வுக்கு ஷ்டோல்ட்ஸெலும் ப்ளூமெலும் பிரஷ்யாவில் காப்புரிமை பெற்றது 1818இல். வால்வு வந்தும் வலது கை உள்ளேயே தங்கிவிட்டது. அதனால்தான் மற்ற பித்தளை வாத்தியங்களைப் பெரும்பாலும் வலது கையால் இயக்க, ஹார்ன்காரர் மட்டும் இடது கை விரல்களால் வால்வை அழுத்துகிறார்.

ஹார்ன்கள் நான்கு நான்காகச் சேர்ந்ததற்கும் இந்தப் பழைய குறையே காரணம். வால்வு இல்லாத காலத்தில் ஒரு ஜோடி ஹார்னுக்கு ஒரு சுருதிதான். வேறு சுருதியில் இன்னொரு ஜோடியைச் சேர்த்தால் இசையமைப்பாளருக்குக் கிடைக்கும் சுரங்கள் கூடும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் மேல் ஸ்தாயிக்கு, மற்றவர் கீழ் ஸ்தாயிக்கு. இன்றைக்கும் ஆர்கெஸ்ட்ராவில் முதல், மூன்றாம் ஹார்ன்கள் மேலே வாசிக்க, இரண்டாவதும் நான்காவதும் கீழே தாங்குவதே வழக்கம். நால்வரும் சேர்ந்தால் ஏறக்குறைய நான்கு ஸ்தாயி விரிவு கிடைக்கும். ஒரே குரல் கொண்ட ஒரு குட்டிச் சேர்ந்திசைக் குழு என்றே சொல்லலாம்.

1821இல் பெர்லினில் அரங்கேறிய வெபரின் ‘டெர் ஃப்ரைஷுட்ஸ்’ ஓபராவில் வேடர்கள் பாடும் ஆண்கள் சேர்ந்திசைக்கு ஹார்ன்கள்தான் உயிர். ரோஸினி 1828இல் நான்கு ஹார்னுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக எழுதிய படைப்பின் பெயரே வேட்டைக்காரர்கள் கூடும் இடத்தைக் குறிப்பது. 1849இல் ராபர்ட் ஷூமன், நான்கு ஹார்ன்களை முன்வரிசையில் நிறுத்தி, வால்வு ஹார்னால் என்னவெல்லாம் முடியும் என்று காட்டும் ‘கான்ஸெர்ட்ஷ்டுக்’கை எழுதினார். காடு, வேட்டை, தோழமை என்று நால்வர் ஹார்னின் கற்பனை முழுக்க ஆண்களால் நிரம்பியிருந்தது.

பிராம்ஸ் கொஞ்சம் விலகினார். ஹாம்பர்க்கில் ஒரு பெண்கள் பாடகர் குழுவை நடத்திவந்த அவர், 1860இல் பெண் குரல்களுக்கு இரண்டு ஹார்னும் ஒரு ஹார்ப்பும் துணைபோகும் நான்கு பாடல்களை எழுதினார். பெண் குரலுக்குப் பக்கத்தில் ஹார்ன் எவ்வளவு அழகாக உட்காரும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒன்றின் முதல் ஹார்ன் நாற்காலியில் ஒரு பெண் உட்கார இன்னும் எண்பது ஆண்டு ஆயிற்று.

தடை எங்கே இருந்தது? பெண்ணுக்கு மூச்சு போதாது என்றார்கள். கன்னம் உப்பி உதடு கோணினால் பார்க்க நன்றாயிருக்காது என்றார்கள். இரண்டாவது காரணம்தான் உண்மையான காரணம். பியானோ, ஹார்ப், பின்னாளில் வயலின் போன்ற, முகம் கலையாமல் வாசிக்கக்கூடிய வாத்தியங்களே நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு ஏற்றவை என்று 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா நம்பியது. வியன்னாவில் ஜோஸஃபின் வைன்லிஷ் நடத்திய பெண்கள் ஆர்கெஸ்ட்ரா 1871இல் அமெரிக்கா வரை போய்வந்தது. பாஸ்டனில் கரோலின் நிக்கல்ஸ் 1888இல் ‘ஃபாடெட்ஸ்’ குழுவைத் தொடங்கினார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் காட்சிக்காகவே சீட்டு வாங்கியவர்கள் உண்டு. அப்படிப்பட்ட குழுக்கள் பலவற்றில் பித்தளைப் பகுதிக்கு ஆள் கிடைக்காமல் ஹார்மோனியமோ பியானோவோ அந்த இடத்தை நிரப்பியது. லண்டனில் நடத்துநர் ஹென்றி வுட் 1913இல் தன் ஆர்கெஸ்ட்ராவில் பெண்களைச் சேர்த்தபோதும் தந்தி வாத்தியப் பகுதியில்தான் சேர்த்தார். 1927இல் எதெல் ஸ்மித் என்ற பெண் இசையமைப்பாளர் வயலினுக்கும் ஹார்னுக்குமாக ஒரு கான்செர்ட்டோ எழுதினார். ஹார்னை ஊதியவர் ஆப்ரி பிரெய்ன் என்ற ஆண்.

கதவைத் திறந்தது போர்.

1941இல் சிகாகோ சிம்ஃபனியின் நடத்துநர் ஃப்ரெடெரிக் ஸ்டாக், ஹெலன் கோட்டாஸ் என்ற இளம்பெண்ணை முதல் ஹார்னாக எடுத்தார். ஹார்ப்பைத் தவிர வேறு வாத்தியத்தில் அமெரிக்காவின் பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் முதல் நாற்காலி பெற்ற முதல் பெண் அவர்தான் எனப்படுகிறது. அவருக்கு முன்னும் பின்னும் அந்த நாற்காலியில் இருந்தவர் ஃபிலிப் ஃபார்க்காஸ். ஹார்ன் படிக்கும் மாணவர்கள் இன்றும் புரட்டும் பாடநூலை எழுதியவர் அவர். கோட்டாஸ் 1940களின் பிற்பகுதியில் விலகினார்.

இங்கிலாந்தில் 1943இல் நடத்துநர் ஜான் பார்பிரோலி நியூயார்க்கிலிருந்து மான்செஸ்டருக்கு வந்து, கலைந்து கிடந்த ஹாலே ஆர்கெஸ்ட்ராவைச் சில வாரங்களில் நிமிர்த்த வேண்டியிருந்தது. ஆண்கள் பலர் ராணுவத்தில். கிடைத்த திறமையை எல்லாம் சேர்த்துக்கொண்டவர், முதல் ஹார்னுக்கு லிவியா கொலான்ஸை அமர்த்தினார். ஜார்ஜ் ஆர்வெல்லின் முதல் புத்தகத்தை வெளியிட்ட விக்டர் கொலான்ஸின் மகள் அவர். பத்தாண்டு பல குழுக்களில் வாசித்தார். 1953இல் பல் தொல்லையால் ஹார்னைக் கீழே வைக்க நேர்ந்தது. ஊதுவாய் அழுந்தி நிற்கும் முன்பல் ஆட்டம் கண்டால் ஹார்ன்காரரின் பிழைப்பு போயிற்று. அப்பாவின் பதிப்பகத்தில் சேர்ந்து, அவர் மறைவுக்குப் பின் பல ஆண்டுகள் அதைத் தலைமை தாங்கி நடத்தினார்.

போர் முடிந்தது, ஆண்கள் திரும்பினார்கள், கதவும் பாதி சாத்திக்கொண்டது. அடுத்து உதவியது ஒரு திரைச்சீலை. வாசிப்பவர் யாரென்று தெரியாதபடி மறைவில் வைத்துத் தேர்வு நடத்தும் வழக்கம் அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களில் பரவியது. 1985இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் முதல் ஹார்ன் தேர்வுக்கு ஜூலி லாண்ட்ஸ்மன் போனார். அங்கே மாற்று ஆளாக ஏற்கெனவே வாசித்தவர். இறுதிச் சுற்றில் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதென்று கடைசி மேல்சுரத்தை அளவுக்கு மீறி நீட்டிக் கார்வை கொடுத்தாராம். வெற்றி பெற்றவர் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தபோது, தெரிந்த முகம், அதுவும் பெண் முகம் என்று நடுவர்கள் திகைத்துப் போனார்கள். 2010 வரை அந்த நாற்காலி அவருடையது.

ஐரோப்பாவில் பெர்லினைவிட நார்வே முந்திக்கொண்டது. ஃப்ரோய்டிஸ் ரீ வெக்ரே 1961இல் ஆஸ்லோ ஃபில்ஹார்மோனிக்கில் சேர்ந்து முப்பது ஆண்டு வாசித்தார். 1882இல் தோன்றிய பெர்லின் ஃபில்ஹார்மோனிக் முதல் பெண்ணைச் சேர்க்க 1982 ஆயிற்று. பித்தளைப் பகுதிக்குப் பெண் வர 2001. அந்தப் பெண், கீழ் ஸ்தாயி ஹார்ன் வாசிக்கும் சாரா வில்லிஸ். பிறகு ஒருமுறை அவர் ஜெர்மனியின் கோட்டிங்கனில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுத்து, உலோகம் இல்லாத ஹார்னை ஊதிக் காட்டினார். ஒவ்வொரு சுரத்துக்கும் நாக்கு எப்படி வளைந்து உயர்ந்து இறங்குகிறது என்பது அந்தப் படத்தில் தெரிகிறது. ஹார்னின் மேல் சுரங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பவை. மயிரிழை பிசகினாலும் பக்கத்துச் சுரம் வந்துவிடும். மூச்சைவிட நுட்பமே அங்கே பெரிதாக வேலை செய்கிறது.

இதற்கிடையே ஹார்ன் பாப் இசைக்குள்ளும் நுழைந்திருந்தது. பீச் பாய்ஸின் ‘காட் ஒன்லி நோஸ்’ 1966இல் ஹார்ன் இசையோடுதான் தொடங்கியது. அதே ஆண்டு பீட்டில்ஸின் ‘ஃபார் நோ ஒன்’ பாடலுக்கு ஆலன் சிவில் தனி வாசித்தார். 1967இல் அவர்களுடைய ‘சார்ஜன்ட் பெப்பர்’ தலைப்புப் பாடலுக்கு நான்கு ஹார்ன்காரர்கள் ஸ்டூடியோவுக்கு வரவழைக்கப்பட்டார்கள். நால்வரும் ஆண்கள்.

நாலு பெண்கள் ஹார்னைத் தூக்கிக்கொண்டு பாப்பும் செவ்வியலும் சேர்த்து வாசிக்க வந்தது 2009இல், நியூயார்க்கில். குழுவின் பெயர் ‘செங்கிஸ் பார்பி’. மங்கோலியப் பேரரசனையும் பிளாஸ்டிக் பொம்மையையும் ஒரே மூச்சில் இழுத்த குறும்பு. முறையாக இசை படித்த தொழில்முறைக் கலைஞர்கள், மேடைக்கென்று ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொண்டு, பளபளக்கும் உடையில் வந்தார்கள். பெண்ணியத்தைப் பற்றித் தங்களையே கிண்டல் செய்துகொள்ளும் சுயவிளம்பர வாசகம் ஒன்றும் எழுதிக்கொண்டார்கள். தோற்றத்தைக் காரணம் காட்டித்தானே ஒதுக்கினார்கள், அந்தத் தோற்றத்தையே விளக்கு வெளிச்சத்தில் நிறுத்துவோம் என்பது போலிருந்தது அது.

அவர்கள் பாப் பக்கம் போனதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. நான்கு ஹார்னுக்கென்றே எழுதப்பட்ட பெரிய படைப்புகள் அதிகமில்லை. ஹிண்டெமித்தின் 1952 சொனாட்டா, டிப்பெட்டின் 1955 சொனாட்டா என்று விரல்விட்டு எண்ணலாம். எனவே மற்ற இசையை நாலு ஹார்னுக்கு மாற்றி எழுதியாக வேண்டும். பாப் பாடல் இதற்கு வாகானது. நான்காம் ஹார்ன் பேஸ் கிட்டாரின் வேலையைப் பார்க்கும், நடுவில் இருவர் கார்டுகளை நிரப்புவார்கள், மேலே ஒருவர் பாடகி. டிரம்ஸ் இல்லாததால் நாக்கால் வெட்டி வெட்டி ஊதித்தான் தாளத்தைக் காட்ட வேண்டும். மெட்டை ஒருவரே பிடித்துக்கொண்டிருந்தால் மூன்று பாட்டுக்குள் உதடு சோர்ந்துவிடும் என்பதால் அதைக் கைமாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆர்கெஸ்ட்ராவில் வாழ்நாள் முழுக்க நான்காவதாக இருப்பவருக்கும் இங்கே முன்னுக்கு வர வாய்ப்பு உண்டு.

‘பெண்கள் மட்டும்’ என்ற அடையாளம் தேவையா என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது. ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவின் முதல் ஹார்ன் நாற்காலியில் 2006 முதல் இருப்பவர் ஜெனிஃபர் மோன்டோன். அவர் அமர்ந்த காலத்தில் அது யுகப் புரட்சியாகப் பேசப்படவில்லை. செங்கிஸ் பார்பியின் லீலனி ஸ்டெரெட் 2013இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் ஹார்ன் பகுதியில் சேர்ந்தார். அந்த ஆர்கெஸ்ட்ரா 1966இல்தான் ஓரின் ஓ’பிரையன் என்ற டபுள் பாஸ் கலைஞரை முழுநேரப் பெண் உறுப்பினராகச் சேர்த்திருந்தது. அங்கே ஸ்டெரெட்டுக்கு மற்ற எல்லாரையும் போலக் கறுப்பு உடை, சொந்தப் பெயர். பார்பி மேடையில் புனைபெயர்.