காமன் கூத்துப் பாடல்கள்

காமன் கூத்துப் பாடல்கள் என்பன, இலங்கையின் கண்டி நகரைச் சூழ்ந்த தோட்டங்களிலும் பிற மலையகப் பகுதிகளிலும் வாழும் தமிழர், மாசி மாதக் காமன் (மன்மதன்) விழாவில் பாடும் வாய்மொழிப் பாடல்களாகும்.

வகை: இவை கதைப்பாடல், தருக்கப்பாடல், ஒப்பாரி ஆகிய கூறுகளைக் கொண்டவை.

அமைப்பு: மாசி அமாவாசைக்குப் பின் வளர்பிறையில் காமன் கம்பம் ஊன்றப்பட, கூத்தைப் பயிற்றும் வாத்தியார் பாடலைத் தொடங்கித் தர, மற்றவர் பின்பாட்டாக ஏற்றுப் பாடுவர். தோலை நெருப்பில் காய்ச்சிச் சுதியேற்றிய தப்பு என்னும் பறை தாளம் தரும். காமனின் மனைவி இரதியின் வேடத்தையும் மரபாக ஆண்களே புனைந்து, மன்மத வேடத்தவருடன் லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) தோறும் ஆடிச் செல்வர்.

பொருள்: சிவனின் தவத்தைக் கலைக்கத் தேவர்களால் ஏவப்பட்ட மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுவதும், இரதியின் புலம்பலுக்கு இரங்கிச் சிவன் அவனை அவள் கண்ணுக்கு மட்டும் புலப்படுமாறு உயிர்ப்பிப்பதும் கதையாகும். இது வேனிற்கால வளமீட்சியின் குறியீடாகவும் கொள்ளப்படுகிறது.

வரலாறு: 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிவைத்த தேயிலைச் செய்கைக்கும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் இம்மரபைக் கொணர்ந்தனர். தமிழகத்தில் இக்கதை, காமன் எரிந்தானா இல்லையா என இரு கட்சியினர் வாதிடும் லாவணியாகவும் வழங்குகிறது.

சிறப்பு: தலைமுறைதோறும் செவிவழியாகக் கையளிக்கப்படும் இப்பாடல்கள் மலையகத் தமிழரின் பண்பாட்டு அடையாளங்களுள் ஒன்றாகும்.