விசா அறிவிப்பும் அச்சம் தூண்டிய தேடலும்

டெக்சாஸ் மாநிலத்தின் ஃபிரிஸ்கோ நகரில் இந்தியத் தொழில்நுட்பப் பணியாளர்கள் பெருமளவில் வசிக்கின்றனர். அவர்களில் பலர் எச்-1பி விசாவில் பணிபுரிபவர்கள்.

இந்த விசாவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் விதிக்கும் பிரகடனத்தில் 2025 செப்டம்பர் 19 ஆம் தேதி அதிபர் டொனால்ட் டிரம்ப் கையெழுத்திட்டார். ஆண்டுதோறும் இதைச் செலுத்த வேண்டும் என்று வர்த்தக அமைச்சர் ஹோவர்ட் லுட்னிக் கூறினார். 21 ஆம் தேதி அது நடைமுறைக்கு வரவிருந்தது. வெளிநாடு சென்றிருந்த ஊழியர்களை உடனே திரும்புமாறு சில பெருநிறுவனங்கள் அறிவுறுத்தின.

மறுநாளே வெள்ளை மாளிகை விளக்கமளித்தது: இது ஒருமுறைக் கட்டணம்; புதிய விண்ணப்பங்களுக்கே பொருந்தும்.

அஞ்சுபவர் ஆபத்தை மிகுதியாகவும், கோபமுற்றவர் குறைவாகவும் மதிப்பிடுவதாக உளவியலாளர்கள் ஜெனிஃபர் லெர்னர், டாச்சர் கெல்ட்னர் ஆகியோரின் 2001 ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. அச்சத்துடன் நிச்சயமின்மை சேர்ந்திருப்பதால் அது தகவலைத் தேடத் தூண்டுகிறது. தனக்கு எல்லாம் தெரியும் என்ற உறுதியைத் தரும் கோபமோ தேடலைக் குறைக்கக்கூடும்.

ஆனால் தேடியவர்களுக்கு முதலில் கிடைத்தது அமைச்சரின் கூற்றே. பயணத்தைக் கைவிட்டால் இழப்பது பயணச்சீட்டுக்கான பணம். திரும்ப முடியாவிட்டால் இழப்பது வேலையும் வீடும். எனவே அவர்களின் அவசரத்தைப் பதற்றம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. தெளிவான தகவல் ஒரு நாள் தாமதமானதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.